தொற்றுக்காலத் தொழிலாளர் மனநலம் சம்பளத் தேதியிலும் ஷிப்ட் அட்டவணையிலும் தொடங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனாவுக்காக அறிவித்த உலகளாவிய அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று விலக்கிக்கொண்டது. அடுத்த பெருந்தொற்றுக்கு எப்படித் தயாராவது என்று இப்போது பேசப்படுகிறது. படுக்கைகள், ஆக்சிஜன், தடுப்பூசி எல்லாவற்றுக்கும் கணக்கு போடுகிறார்கள். வேலைத்தலத்தில் மனநலம் என்று வரும்போது மட்டும் ‘தேவைப்படுவோருக்கு ஆலோசனை வழங்கப்படும்’ என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். எண்ணூர், மணலி, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி வட்டாரத்தில் தொழிலக மருத்துவம், மனநலம், தொழிற்சங்கம் ஆகிய வேலைகளில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். தொற்றுக்காலத்தில் உழைப்பவரின் மனம் முதலில் அடிவாங்குவது சம்பளத் தேதியில், ஷிப்ட் அட்டவணையில், கழிப்பறை இல்லாத தெருவில், மேஸ்திரி சொல்லும் ஒரு வார்த்தையில். இவற்றைச் சரிசெய்யாமல் ஆலோசகரை மட்டும் அழைத்து வந்தால் அவரால் அதிகம் செய்ய முடியாது. அதனால் இவற்றையெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் இப்போதே எழுதி வைக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

பணத்திலிருந்து தொடங்குவோம். ஊரடங்கு நாள்களுக்கு முழு ஊதியம் தர வேண்டும் என்று மத்திய உள்துறை 2020 மார்ச் 29-ல் உத்தரவிட்டது. மே 18 முதல் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. இடைப்பட்ட ஏழு வாரங்களில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஏதோ ஒரு பதில் கிடைத்தது. கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவர்களில் பலருக்கு யாரைக் கேட்பது என்பதே தெரியவில்லை. கம்பெனி கான்ட்ராக்டரைக் கை காட்டும், கான்ட்ராக்டர் ‘பில் பாஸ் ஆகவில்லை’ என்பார், மேஸ்திரி போனை எடுக்கமாட்டார். கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர்தான், அதாவது அவரை அமர்த்திய கம்பெனிதான், தர வேண்டும் என்பது 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே இருக்கும் பொறுப்பு. அந்தப் பொறுப்பை யார், எந்தத் தேதியில் நிறைவேற்றுவார் என்று முன்கூட்டியே எழுதி கேட்டில் ஒட்டினால் பாதிப் பதற்றம் குறையும்.

அந்த அறிவிப்புக்கு மூன்று வரி போதும். வேலை எந்தத் தேதி வரை நிற்கிறது, அந்த நாள்களுக்கு எவ்வளவு சம்பளம், அது எந்தத் தேதியில் கணக்கில் ஏறும். பதில் தெரியாவிட்டால் அதையும் அப்படியே எழுத வேண்டும்: ‘இன்னும் முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குச் சொல்கிறோம்.’ வெள்ளிக்கிழமை 4 மணிக்குப் புதிய சேதி எதுவும் இல்லாவிட்டாலும் ‘இல்லை’ என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த அறிவிப்பை யாரும் நம்பமாட்டார்கள், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி சொல்வதே செய்தியாகிவிடும். ஆங்கிலத்தில் எஸ்.எம்.எஸ். அனுப்பி, வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. தமிழிலும் இந்தியிலும் ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்பினால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் போய்ச்சேரும்.

முழுச் சம்பளம் தருவோம் என்ற உறுதியற்ற வாக்கைவிட, பாதிச் சம்பளம் இன்ன தேதியில் வரும் என்ற உறுதி மனதுக்கு நல்லது என்பது எங்கள் கருத்து. பாதி வருமென்று தெரிந்தால் வீட்டில் வாடகை, கேஸ், பிள்ளைகளின் ஃபீஸ் என்று வரிசை போட முடியும். ஒன்றுமே தெரியாதபோதுதான் தண்டலுக்குப் போகிறார்கள். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் தந்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிக்கும் கடன் அது. வேலை நடக்கும் காலத்தில் அதை எப்படியோ கட்டிவிடுவார்கள். வேலை நின்றால் தினமும் காலையில் வாசலில் ஆள் வந்து நிற்பார். வங்கிக் கடன் தவணைகளை 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தண்டலுக்கும் மீட்டர் வட்டிக்கும் அப்படி ஒரு சலுகை கிடையாது. தினமும் ஒருமுறை அண்டை அயலார் பார்க்க அவமானப்படுவது எப்பேர்ப்பட்ட ஆளையும் உடைத்துவிடும். ஆகவே தொற்றுக்காலத் திட்டத்தில் வட்டியில்லா முன்பணம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஒரு மாதச் சம்பளம் அளவுக்குக் கொடுக்கலாம். முழு வேலை தொடங்கி இரண்டு சம்பளம் வாங்கிய பிறகே பிடித்தம் தொடங்க வேண்டும், அதுவும் பத்துத் தவணைக்குக் குறையாமல். முதல் சம்பளத்திலேயே பிடித்தால், அடுத்த நாளே அவர் மறுபடி தண்டல்காரரிடம் நிற்பார்.

அடுத்தது ஷிப்ட். சக ஊழியர்கள் தனிமைப்படுத்தப்படும்போது மிச்சமிருப்பவர்கள் தலையில் டபுள் டூட்டி விழுகிறது. இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே குறைந்தது 11 மணி நேரம் இடைவெளி வேண்டும். தொடர்ந்து மூன்று இரவுகளுக்கு மேல் போடக் கூடாது. மாற்றும்போது காலை, மதியம், இரவு என்று முன்னோக்கி நகர்த்த வேண்டும், இரவிலிருந்து நேரே காலைக்கு இழுக்கக் கூடாது. ஓ.டி. பணம் தேவைப்படுவதால் தொழிலாளியே டபுள் டூட்டி கேட்டு வாங்குவார். அவர் கேட்டார் என்பதற்காகக் கொடுத்துவிட முடியாது. தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போய் ஒரு வாரம் ஓடினால் எரிச்சல், மறதி, அழுகை எல்லாம் வரும். கிரேன், ஃபோர்க்லிஃப்ட், பாய்லர் போன்ற இடங்களில் அது கைகாலை இழப்பதில் கூட போய் முடியும். வார்டு வேலை, பிணவறை, மயானம், ஆம்புலன்ஸ் இவற்றில் இருப்பவர்களை வாரத்துக்கு ஒருமுறையாவது பாரம் குறைந்த வேலைக்கு மாற்றிவிட வேண்டும். புதியவரைத் தனியாக விடாமல் பழைய ஆளோடு ஜோடி சேர்க்க வேண்டும். இந்த இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது.

பாதுகாப்பு உடை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை மனநல விஷயமாக யாரும் பார்ப்பதில்லை. உடல் முழுதும் மூடும் பிபிஇ உடையில் வியர்வை ஆவியாகாது. சென்னை மே மாத வெயிலில், ஏ.சி. இல்லாத இடத்தில், அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கும், தலை கிறுகிறுக்கும், ‘மூச்சு முட்டுது, ஏதோ ஆகப்போவுது’ என்ற பயம் வரும். பதற்ற நோய்க்கும் வெப்பச் சோர்வுக்கும் இந்த இடத்தில் வித்தியாசம் தெரியாது. முதலில் உடையைக் கழற்றி, நிழலில் உட்காரவைத்து, ஒரு லிட்டர் நீரில் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். முழுதாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அரை மணி நேரம் பார்க்க வேண்டும். அதில் தணிந்தால் அது பெரும்பாலும் வெப்பம். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். அப்போது வாயில் எதையும் ஊற்றாமல் உடம்பை நீரால் நனைத்து விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்ல வேண்டும். தணியாமல், உடை இல்லாதபோதும், வீட்டிலும் அதே படபடப்பு வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த வரிசை தெரியாததால் வெறும் வெயிலால் தவித்தவருக்குத் தூக்க மாத்திரையும், உண்மையிலேயே பதற்ற நோய் உள்ளவருக்கு ‘வெயில்தான்’ என்ற பதிலும் கிடைக்கின்றன.

உடையைப் போட்டால் கழிப்பறைக்குப் போக முடியாது. அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், பெண்கள் குறிப்பாக. காலை 6 மணிக்குத் தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளர் சாதாரண நாளில் ஒரு டீக்கடையையோ தெரிந்த வீட்டையோ நம்பியிருப்பார். தொற்றுக்காலத்தில் டீக்கடை மூடியிருக்கும், வீடுகளும் கதவைத் திறக்காது. மதியம் வரை அடக்கிக்கொண்டிருப்பதும், மாதவிடாய் நாள்களில் மாற்ற இடமின்றித் தவிப்பதும் சிறுநீர்த் தொற்றோடு நிற்பதில்லை. வேலைக்குக் கிளம்பும்போதே வயிற்றில் ஒரு பயம் உட்கார்ந்துகொள்கிறது, அதிலிருந்து தூக்கம் போகிறது. இதற்குத் தீர்வு மாநகராட்சி கையில் இருக்கிறது. ஒவ்வொரு வார்டிலும் ஊரடங்கு அறிவிக்கப்படும் நாளிலேயே பூட்டாமல் திறந்திருக்க வேண்டிய கழிப்பறைகள், பள்ளிகள், சமுதாயக் கூடங்களின் பட்டியலையும் சாவி யாரிடம் என்பதையும் எழுதி வைத்தால் போதும். முழு உடையில் ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம், மிஞ்சினால் ஆறு மணி நேரம் என்று எல்லை வைக்க வேண்டும். போடும் முன் அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். கழற்றும்போது பக்கத்தில் ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டும். கழற்றும்போதுதான் தொற்று ஒட்டும் என்ற பயம் அதிகம். பக்கத்தில் நிற்பவர் ‘சரியா கழட்டிட்ட’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பயம் வீடு வரை தொடராது.

இனி, யாருக்குச் சிரமம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது. நம் ஊரில் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. ‘தலை கனக்குது’, ‘நெஞ்சு அடைக்குது’, ‘கை காலு ஓஞ்சி போச்சு’, ‘கேஸ் டிரபுள்’, ‘தூக்கமே இல்ல’ என்றுதான் வருவார்கள். வெளியே கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்து, கேஸ் மாத்திரை தந்து, சத்து ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆகவே தொழிற்சாலையின் டிஸ்பென்சரி நோட்டுதான் முதல் கருவி. பாராசிட்டமாலும் கேஸ் மாத்திரையும் வாரத்துக்கு எத்தனை போகின்றன என்று எண்ணுங்கள். ஒரே செக்‌ஷனில் அது திடீரென்று கூடினால் அந்த செக்‌ஷனில் என்ன மாறியது என்று பாருங்கள்: புது சூப்பர்வைசரா, ஷிப்ட் மாற்றமா, யாராவது இறந்தார்களா. ஒரே ஆள் இரண்டு வாரத்தில் மூன்று முறை வந்தால் நர்ஸ் அவரைத் தனியாக உட்காரவைத்து இரண்டு கேள்வி கேட்கலாம். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கை விட்டுப்போன மாதிரி இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இது நோயை முடிவு செய்யும் சோதனை இல்லை, யாரை முதலில் அனுப்புவது என்று தெரிந்துகொள்ளத்தான்.

இதே கேள்விகளை அச்சடித்து, பெயர், டோக்கன் நம்பரோடு டைம் ஆபீஸ் வழியாக வாங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஆட்குறைப்பு பேச்சு அடிபடும் காலத்தில் அந்தத் தாளில் எல்லோரும் 0 என்றுதான் எழுதுவார்கள். நிர்வாகமும் ‘எங்கள் ஆலையில் பிரச்சினை இல்லை’ என்று ஃபைலை மூடிவிடும். கேள்வியை வாயால் கேட்க வேண்டும், மருத்துவப் பணியாளர் மட்டுமே கேட்க வேண்டும், நோட்டு டிஸ்பென்சரியை விட்டு வெளியே போகக் கூடாது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரிவு 23 சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. வேலைக்குத் திரும்புபவரின் சான்றிதழில் ‘பணிக்குத் தகுதியானவர், நான்கு வாரம் இரவு ஷிப்ட் வேண்டாம்’ என்று இருந்தால் போதும். என்ன நோய், என்ன மாத்திரை என்பது எச்.ஆருக்குத் தேவையில்லை.

டிஸ்பென்சரி இல்லாத இடங்களே அதிகம்: காசிமேடு ஏலக்கூடம், எம்.சி. ரோடு துணிக்கடைகள், மாதவரம் குடோன்கள். அங்கே பார்ப்பது மேஸ்திரியின் கண்தான். மேஸ்திரிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் அரை நாள் பயிற்சி கொடுத்தாலே நிறைய மாறும். வேலைத்தலத்தில் மனநலம் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் மேலாளர் பயிற்சிக்கு முக்கிய இடம் இருக்கிறது. பார்க்க வேண்டியது மாற்றத்தை. கலகலப்பாக இருந்தவர் மூலையில் உட்காருவது, சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்புவது, சின்னக் காயங்கள் திரும்பத் திரும்ப வருவது, குளிக்காமல் வருவது. கண்டதும் எல்லோர் முன்னாலும் கேட்கக் கூடாது. ஷிப்ட் முடிந்து, கை கழுவும் இடத்திலோ சைக்கிள் ஸ்டாண்டிலோ, பார்த்ததை மட்டும் சொல்லித் தொடங்கலாம்: ‘இன்னாண்ணா, மூணு நாளா சோறு அப்டியே திரும்பிப் போவுது?’ பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ‘தைரியமா இரு’, ‘எல்லாருக்கும்தான் கஷ்டம்’, ‘உன்னவிட மோசமா இருக்கறவன பாரு’ என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு காரியத்தையாவது அன்றைக்கே செய்து தர வேண்டும். ஒரு நாள் லீவாக இருக்கலாம், கான்ட்ராக்டருக்கு ஒரு போனாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குத் துணையாக இருக்கலாம்.

‘நா இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற மாதிரி பேச்சு வந்தால் நேராகவே கேட்க வேண்டும்: ‘சாவணும்னு தோணுதாண்ணா? எப்படி, எப்பன்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?’ இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். யோசித்து வைத்திருக்கிறேன் என்றால் அந்த நிமிடத்திலிருந்து அவரைத் தனியாக விடக் கூடாது. ஆபத்தான பொருள்களை எட்டாத இடத்துக்கு நகர்த்திவிட்டு, வீட்டில் அவர் நம்பும் ஒருவரை அழைத்து, அன்றே அரசு ஸ்டான்லி மருத்துவமனை போன்ற 24 மணி நேர அவசரப் பிரிவுள்ள இடத்துக்குக் கூடவே போக வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 115 சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சங்கிதாவில் இல்லை.

மதுக்கடை மூடுவது பற்றி எந்தத் தயாரிப்புத் திட்டத்திலும் நாங்கள் ஒரு வரி பார்த்ததில்லை. 2020 மார்ச் 24 மாலை மூடிய டாஸ்மாக் கடைகள் சென்னையில் ஆகஸ்ட் 18-ல்தான் திறந்தன. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் குழப்பம் வரலாம்: இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், யாரோ கூப்பிடுவதாகச் சொல்வார், இடம் பொழுது தெரியாது. இது உயிருக்கே ஆபத்தான நிலை. ‘காத்து கருப்பு அடிச்சிருக்கு’ என்று கட்டிப்போட்டு வைப்பதும், நடுக்கத்தோடு ஏணியில் ஏற்றுவதும், மருத்துவர் சொல்லாமல் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் ஆளைக் கொன்றுவிடும். இன்னொரு தவறு சின்ன கிளினிக்குகளில் நடக்கிறது. பட்டினியாகக் கிடந்தவருக்கு வைட்டமின் பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். மூளையில் பி1 ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும் நிலையில் அது நிரந்தரமான நினைவிழப்பு வரை கொண்டுபோகலாம். ஆகவே கடை மூடப்படும் அறிவிப்பு வந்த அன்றே, தினமும் குடிப்பவர்கள் யார் என்று மேஸ்திரிக்குத் தெரியும் என்பதால், திட்டாமல் பேசி, முன்பு வலிப்போ குழப்பமோ வந்தவர்களை முதல் நாளே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மற்றவர்களை ஒரு வாரம் உயரத்திலும் ஓடும் இயந்திரத்திலும் போடக் கூடாது.

ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் தனிக் கவலை. பஸ் நின்றதும் ஸ்டான்லிக்கோ, 1794 முதல் இயங்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ போய் மாத்திரை வாங்க முடியாமல் போகிறது. பல மாதம் சரியாக இருந்தவர்கள் மாத்திரை விட்ட சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவார்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நடுவில் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல் வரும், ‘மாத்திரைதான் கெடுதி பண்ணுது’ என்று தவறாக நினைத்துவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஊரடங்கு வந்தால் மனநல மாத்திரையும் அதே பையில் வர வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை வீட்டில் எப்போதும் ஒரு மாத மாத்திரை கையிருப்பு இருக்கட்டும். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட பழைய சீட்டை போனில் படம் எடுத்து வைத்திருங்கள்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) அட்டை உள்ளவர்களில் பலருக்கு அது மனநோய்க்கும் உண்டு என்பது தெரியாது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவருக்கு, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு செலுத்தியிருந்தால், நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்கும். நீண்டகால நோய்களுக்கான பட்டியலில் மனச்சிதைவு போன்ற மனநோய்களும் உண்டு. இரண்டு ஆண்டு தொடர் பணி இருந்தால் அவற்றுக்கு 80 சதவீதம் வரை, இரண்டு ஆண்டு வரை கூட நீளும். தகராறு வருவது 78 நாள் கணக்கில். ஊரடங்கில் வேலை நாள் குறைந்து பங்களிப்பும் குறைய, மிகத் தேவையான நேரத்தில் தகுதி போய்விடுகிறது. தொற்றுக்கால ஊரடங்கு நாள்களைப் பங்களிப்பு நாள்களாகக் கருத வேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும்.

தனிமைப்படுத்தல் பற்றி. 2020 மே மாதம் சென்னையின் 15 மண்டலங்களில் ராயபுரத்தில்தான் தொற்று மிக அதிகம். ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் வாழும் ஹவுசிங் போர்டு வீடுகளில் தனி அறை என்பதே கிடையாது. வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், சில இடங்களில் தகரம் அடித்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு நோயைவிடத் தெருவின் பார்வை பெரிதாக இருந்தது. நிறுவனம் செய்யக்கூடியது எளிது. மூன்றாம் நாளுக்குள் சூப்பர்வைசர் ஒரு போன் போட்டு, ‘வேலை எங்கயும் போகல, இந்த நாளுக்குச் சம்பளம் இவ்வளவு’ என்ற இரண்டு சேதியைச் சொல்ல வேண்டும். எப்போது வருவாய் என்று அந்தப் போனில் கேட்கக் கூடாது. திரும்பி வரும்போது முதல் வாரம் அரை நாள் வேலை. உயரமும் இரவும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். கேன்டீனில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தால் அவர் அடுத்த காய்ச்சலை மறைப்பார், அதனால் எல்லோருக்கும் பரவும்.

உடன் வேலை பார்த்தவர் இறந்தால் அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் விடக் கூடாது. ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரையும் நிறுத்தி, நேரில், தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். அன்று அந்தக் குழுவுக்கு ஆபத்தான வேலை வேண்டாம். எல்லோரையும் உட்காரவைத்து ‘மனதில் இருப்பதைக் கொட்டுங்கள்’ என்று கட்டாயப்படுத்துவதும் வேண்டாம், அது சிலருக்குக் கெடுதல் செய்யலாம் என்று தெரிந்த பிறகு பல இடங்களில் கைவிட்ட முறை. பேச விரும்புபவருக்கு இடமும் ஆளும் இருந்தால் போதும். வடசென்னையில் சாவு என்பது தெரு முழுக்கச் சேர்ந்து சுமக்கும் காரியம். இரவெல்லாம் கானா, காலையில் பறை, பூ இறைத்த ஊர்வலம், பதினாறாம் நாள். உறையில் சுற்றிய உடலை நாலு பேர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பங்களுக்கு அந்தத் துக்கம் இறங்கவே இல்லை. கட்டுப்பாடு தளர்ந்ததும் சடங்கைத் தாமதமாகவாவது செய்ய அந்தக் குடும்பத்துக்கும் சக தொழிலாளர்களுக்கும் ஊதியத்தோடு ஒரு நாள் விடுப்பு தர வேண்டும். பி.எஃப்., அதோடு வரும் இன்சூரன்ஸ் (2021 முதல் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய்), கிராஜுவிட்டி இவற்றுக்கான படிவங்களை நிறுவனத்தின் ஆளே வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பித் தர வேண்டும். இறப்பில் கிராஜுவிட்டிக்கு ஐந்தாண்டு சர்வீஸ் தேவையில்லை என்பதைப் பல குடும்பங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இன்னும் இரண்டு தேவைகள் உண்டு: தினமும் ஊருக்குப் பேச ரீசார்ஜ், ஊருக்குப் போவதானால் பாக்கி முழுதும் ரயில் ஏறும் முன் கையில். இது இரண்டும் இல்லாமல் ஷெட்டில் அடைத்து வைத்துச் சோறு மட்டும் போட்டால் அவர்கள் நடந்தாவது கிளம்பத்தான் செய்வார்கள்.

தொழிலக பாதுகாப்புத் துறையும் மாநகராட்சியும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் இதற்கான ஒரு பக்கத் திட்டத்தை ஆண்டுதோறும் கேட்டு வாங்கலாம். சம்பள அறிவிப்பு யார் பொறுப்பு, முன்பணம் எவ்வளவு, ஷிப்ட் எல்லை என்ன, கழிப்பறைச் சாவி யாரிடம், பயிற்சி பெற்ற மேஸ்திரிகள் யார், எந்த மருத்துவமனைக்கு எந்த வண்டியில் போவது. கான்ட்ராக்டர் ஆள்களின் பெயர்களும் அந்தத் திட்டத்துக்குள் வர வேண்டும், கையெழுத்து முதன்மை வேலையளிப்பவருடையதாக இருக்க வேண்டும். கேட்டிலும் கழிப்பறைக் கதவின் உள்பக்கத்திலும் இரண்டு எண்களைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: மனநலத்துக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104. இரண்டும் கட்டணமில்லாதவை. 14416-ல் தமிழோடு இந்தி, வங்காளம், ஒடியாவிலும் பேசலாம். கதவின் உள்பக்கம் என்று சொல்வதற்குக் காரணம், அங்கேதான் யாரும் பார்க்காமல் எண்ணைக் குறித்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
தொழிலக மருத்துவம், மனநலம், தொழிற்சங்கப் பணிகளில் உள்ள சிலர்,
வடசென்னை.